வரிசையில் நிற்பவர் மட்டும் தெரிகிறார்

ஏற்றத்தாழ்வு அதிகமாகிவிட்டது என்பதில் உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் 36 நாடுகளில் கேட்டுப் பார்த்தது. பணக்காரருக்கும் ஏழைக்கும் உள்ள இடைவெளி ‘மிகப் பெரிய பிரச்சினை’ என்றவர்கள், அந்த நாடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவில் 54 சதவீதம். ‘ஓரளவு பெரிய பிரச்சினை’ என்றவர்கள் இன்னொரு 30 சதவீதம். ஆனால் அதே மனிதர்களிடம் “சரி, அரசு என்ன செய்ய வேண்டும்?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டால் பேச்சு சிதறிவிடுகிறது. வரியைக் கூட்டலாமா, யாருக்கு உதவித்தொகை, எத்தனை காலத்துக்கு, நிபந்தனை வேண்டுமா என்று வரும்போது, சற்று முன் தலையாட்டியவர்களில் பலர் பின்வாங்குகிறார்கள்.

இந்தப் பின்வாங்கல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பல வருடங்களாக யோசித்து வருகிறேன். என் உறவுகளும் நண்பர்களும் இந்தப் பேச்சில் எந்த இடத்தில் குரலை உயர்த்துகிறார்கள் என்பதைக் கவனித்து வந்திருக்கிறேன். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. தெரிந்தவருக்கு ஒரு கஷ்டம் என்றால் கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பவர்கள். அதனால்தான் “மக்களுக்கு இரக்கம் குறைந்துவிட்டது” என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

பொருளியல் பாடம் சொல்லும் கணக்கு எளிமையானது. 1981-இல் ஆலன் மெல்ட்சரும் ஸ்காட் ரிச்சர்டும் அதை ஒரு கணித மாதிரியாக எழுதிக் காட்டினார்கள். ஒரு சமூகத்தின் சராசரி வருமானத்தைவிட நடுவில் நிற்கும் வாக்காளரின் வருமானம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு அவர் மறுபங்கீட்டை, அதாவது இருப்பவரிடம் வரி வாங்கி இல்லாதவருக்குப் பகிர்வதை, ஆதரிப்பார். ஆகவே ஏற்றத்தாழ்வு கூடக் கூட, நலத்திட்டங்களுக்கான ஆதரவும் கூட வேண்டும். நடந்தது அப்படி இல்லை. 2022-ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின்படி, உலகச் செல்வத்தில் 76 சதவீதம் மேலே உள்ள பத்தில் ஒரு பங்கு மக்களிடம் இருக்கிறது. கீழ்ப்பாதியினர் அனைவரிடமும் சேர்த்து 2 சதவீதம். மெல்ட்சர்-ரிச்சர்ட் கணக்கு சரியென்றால் இந்நேரம் எல்லாத் தேர்தல்களும் இந்த ஒரு விஷயத்தின் மீது நடந்திருக்க வேண்டும்.

“மக்களுக்கு உண்மை நிலவரம் தெரியாது, அதுதான் காரணம்” என்பது அடுத்த விளக்கம். இதற்கு ஆதாரம் உண்டு. மைக்கேல் நார்ட்டனும் டான் ஏரியலியும் 5,500-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கேட்டு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மேல்தட்டு 20 சதவீதத்தினரிடம் நாட்டின் செல்வத்தில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். மக்கள் சொன்ன பதிலின் சராசரி 59 சதவீதம். அன்றைய உண்மை நிலை சுமார் 84 சதவீதம். எவ்வளவு இருந்தால் நியாயம் என்ற கேள்விக்கு வந்த பதில் 32 சதவீதம். பணக்காரரும் ஏழையும், இடதுசாரியும் வலதுசாரியும் ஏறத்தாழ ஒரே திசையில் பதில் சொன்னார்கள்.

அப்படியானால் உண்மையைச் சொல்லிவிட்டால் போதுமே? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். இலியானா குசியெம்கோ, நார்ட்டன், இமானுவேல் சயஸ், ஸ்டெஃபானி ஸ்டான்ச்சேவா ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஏற்றத்தாழ்வு பற்றிய உண்மைத் தகவல்களை இணையம் வழியே காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு ஏற்றத்தாழ்வு பற்றிய கவலை நன்றாகக் கூடியது. ஆனால் ஏழைகளுக்கான உதவி, வருமான வரி பற்றிய கருத்து கொஞ்சம்தான் அசைந்தது. பெரிதாக மாறியது ஒன்றே ஒன்று: வாரிசுச் சொத்துவரிக்கான ஆதரவு. அந்த வரி ஆயிரத்தில் ஒருவர் விட்டுச்செல்லும் சொத்துக்குத்தான் வரும் என்று தெரிந்ததும் பலர் அதை ஆதரித்தார்கள். அதுவரை தங்கள் வீட்டுக்கும் அது வந்துவிடும் என்று பயந்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. நிலைமை எவ்வளவு மோசம் என்று அறிந்தவர்களுக்கு அரசின் மீதான நம்பிக்கை இன்னும் குறைந்தது. “இவ்வளவு தூரம் போகும்வரை சும்மா இருந்த அரசா இதைச் சரிசெய்யப் போகிறது?” என்ற கேள்வி அவர்களுக்கு வந்திருக்கும். நியாயமான கேள்வி. ஏற்றத்தாழ்வைப் புள்ளிவிவரமாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் மக்கள் மனம் மாறிவிடும் என்று எண்ணுகிறவர்கள் இந்த முடிவோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

தன் இடத்தைத் தானே தவறாகக் கணிப்பதும் இதில் சேரும். அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரஸில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏழைகளில் பலர் தங்களை நடுத்தரம் என்று எண்ணியிருந்தது தெரிந்தது. உண்மையான இடத்தைச் சொன்னதும் அவர்கள் அதிக மறுபங்கீட்டைக் கேட்டார்கள். ஸ்வீடனில் நேர்மாறாக, பெரும்பாலானோர் தங்களை உண்மையைவிடக் கீழே வைத்திருந்தார்கள். எல்லோரும் தம்மைச் சுற்றியுள்ள சிலரை வைத்துத்தான் உலகத்தை அளக்கிறோம்.

இவை எல்லாம் சேர்ந்தாலும் முழு விடை கிடைப்பதில்லை. நலத்திட்டம் பற்றிய கருத்து, இடைவெளியின் அளவைவிட, பெறுபவர் யார் என்று மனத்தில் எழும் உருவத்தையே அதிகம் சார்ந்திருக்கிறது என்பது என் முடிவு. அந்த உருவம் எதிலிருந்து உருவாகிறது? கண்ணுக்குத் தெரிவதிலிருந்து. ஏழைக்குக் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும்படி கொடுக்கப்படுகிறது: பட்டியல், அட்டை, வரிசை, படிவம். ஏழைக்கு மறுக்கப்பட்டதும், பணம் உள்ளவருக்குக் கொடுக்கப்பட்டதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிரிட்டனில் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான தொழிற்சங்கக் காங்கிரஸ் 2012-இல் எடுத்த கருத்துக்கணிப்பு ஒன்று உண்டு. நலத்திட்டச் செலவில் எவ்வளவு வேலையில்லாதவர்களுக்குப் போகிறது என்று கேட்டபோது மக்கள் சொன்ன சராசரி 41 சதவீதம். உண்மை 3 சதவீதம். எவ்வளவு ஏமாற்றிப் பெறப்படுகிறது என்றதற்கு 27 சதவீதம் என்றார்கள். அரசின் கணக்கு 0.7 சதவீதம். இது சின்னப் பிழை இல்லை. ஒரு நாடே இல்லாத ஒரு மனிதனைக் கற்பனை செய்துகொண்டு, அவனுக்கு எதிராக வாக்களிப்பதைப் போன்றது. உண்மையில் பெரும் பங்கு போய்ச் சேர்ந்த முதியவர்களைப் பற்றி யாருக்கும் கோபம் இல்லை.

ஐரோப்பா முழுவதும் இந்த வரிசைப்படுத்தல் ஒரே மாதிரி இருப்பதை பெல்ஜியத்தில் பணியாற்றிய விம் வான் ஓர்ஸ்கோட் காட்டியிருக்கிறார். முதியவர் முதலில். பிறகு நோயாளியும் மாற்றுத்திறனாளியும். அப்புறம் வேலையில்லாதவர். கடைசியில் குடியேறியவர். மக்கள் மனத்தில் ஓடும் அளவுகோல்களையும் அவர் பிரித்துச் சொல்கிறார்: இந்த நிலைக்கு அவரே காரணமா, நன்றியோடு நடந்துகொள்கிறாரா, பதிலுக்கு ஏதாவது கொடுத்திருக்கிறாரா, தேவை எவ்வளவு, அவர் நம்மவரா. “பாத்திரமறிந்து பிச்சையிடு, கோத்திரமறிந்து பெண்ணைக் கொடு” என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. முதல் பாதியைச் சொல்லும்போதே இரண்டாம் பாதியும் மனத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தகுதியைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு குலத்தைப் பார்க்கிறோம். இது எல்லாச் சமூகங்களிலும் நடக்கிறது.

அமெரிக்காவில் மார்ட்டின் கிலன்ஸ் செய்த வேலை இதற்குக் கண்கண்ட சான்று. 1967 முதல் 1992 வரை செய்திப் பத்திரிகைகளில் ஏழைகள் என்று காட்டப்பட்ட படங்களை எண்ணிப் பார்த்தார். அதில் 57 சதவீதம் கறுப்பினத்தவர். உண்மையில் அந்நாட்டு ஏழைகளில் அவர்கள் பங்கு 29 சதவீதம். கறுப்பினத்தவர் சோம்பேறிகள் என்ற எண்ணம் உள்ளவர்களே நலத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் அவர் காட்டினார். பிற்காலத்தில் ஆல்பர்ட்டோ அலெசினா, அர்மாண்டோ மியானோ, ஸ்டான்ச்சேவா மூவரும் செய்த ஆய்வில், மறுபங்கீடு பற்றிக் கேட்பதற்கு முன் குடியேறியவர்களைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டாலே போதும், ஆதரவு குறைந்துவிடுகிறது என்று தெரிந்தது. எந்தப் புதிய தகவலும் கொடுக்கவில்லை. நினைவூட்டியது மட்டும்தான்.

நம்பிக்கை தரும் ஆய்வும் உண்டு. லெனே ஆரோவும் மைக்கேல் பாங் பீட்டர்சனும் டென்மார்க் மக்களையும் அமெரிக்கர்களையும் ஒப்பிட்டு 2014-இல் எழுதினார்கள். உதவி பெறுபவர் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் அமெரிக்கர் அவரைச் சோம்பேறியாகவும், டேனிஷ்காரர் துரதிர்ஷ்டசாலியாகவும் எண்ணிக்கொள்கிறார். ஆனால் அந்த மனிதர் நேற்றுவரை உழைத்தவர், விபத்தில் வேலை போயிற்று என்று தெளிவாகச் சொன்னால் இரண்டு நாட்டவரின் கருத்தும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. அதாவது இரக்கம் இரண்டு இடத்திலும் ஒரே அளவில் இருக்கிறது. தகவல் இல்லாத வெற்றிடத்தை எதைக்கொண்டு நிரப்புகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

‘கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்’ என்ற வாதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் ஆறு வளரும் நாடுகளில் ஏழு பண உதவித் திட்டங்களை, உதவி பெறாத குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலை செய்வது குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. கொடுத்த பணம் குடிக்கும் புகைக்கும் போய்விடும் என்ற அச்சத்தையும் உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போப்போவாவும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அதுவும் மெய்ப்படவில்லை.

இனி பாகுபாடு. இதைத் தனித் தலைப்பாக வைத்துப் பேசுவது வழக்கம். நலத்திட்டம் ஒரு பக்கம், பாகுபாடு ஒரு பக்கம். எனக்கு இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகளாகத் தெரிகின்றன. மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு, பெயரை மட்டும் மாற்றிச் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பி 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளையர் பெயராக ஒலித்தவற்றுக்கு 50 சதவீதம் அதிக அழைப்புகள் வந்தன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டேவெல்லும் இந்தியாவில் இதே முறையில் தனியார் நிறுவனங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பி 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே கல்வித் தகுதி இருந்தும், உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

இப்போது அந்த விண்ணப்பதாரரின் இடத்திலிருந்து பாருங்கள். அவருக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. ‘உங்கள் பெயருக்காக நிராகரித்தோம்’ என்று யாரும் எழுதி அனுப்பவில்லை. தனக்கு நடந்தது பாகுபாடா, போட்டி அதிகமா என்று அவருக்கே தெரியாது. நிராகரித்தவருக்கும்கூட, தான் பெயரைப் பார்த்தே தள்ளிவைத்தோம் என்ற உணர்வு இருந்திருக்காது. ஆயிரம் விண்ணப்பங்களை ஒன்றாக வைத்து எண்ணும் ஆய்வாளரின் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். ஆனால் வேலை கிடைக்காத அதே மனிதர் ஒருநாள் அரசின் உதவிக்குப் போய் நிற்கும்போது எல்லோருக்கும் தெரிகிறார். மறுக்கப்பட்ட வேலைக்குச் சாட்சி இல்லை, பெற்ற உதவிக்குப் பதிவேடு இருக்கிறது. பிறகு அந்தப் பதிவேட்டைக் காட்டியே “இவர்கள்தான் எப்போதும் வாங்குகிறார்கள்” என்று சொல்லப்படுகிறது. இந்தச் சுழல் எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

பெண்களின் நிலையும் இதே. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2023-இல் வெளியிட்ட பாலினச் சமூக நெறிகள் குறியீட்டின்படி, உலகில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேரிடம் பெண்களுக்கு எதிரான ஏதாவது ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. பெண்களிடமும்தான். வாழ்நாள் முழுவதும் வீட்டில் செய்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. முதுமையில் வாங்கும் சிறு உதவித்தொகை மட்டும் செலவுக் கணக்கில் ஏறிவிடும்.

என் பெரியப்பாவோடு நடந்த ஒரு பேச்சை இங்கே சொல்ல வேண்டும். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், நேர்மையான மனிதர். “உழைக்காம வாங்கிப் பழகக் கூடாதுப்பா, அது மனுஷனைக் கெடுத்துரும்” என்றார். “பெரியப்பா, உங்களுக்கு மாசாமாசம் வர்ற பென்ஷன்?” என்றேன். “அது நான் உழைச்சதுக்கு.” அதில் தவறே இல்லை, அவர் உழைத்தார். நான் கேட்டது அடுத்தது: “நாப்பது வருஷம் வீட்டு வேலை செஞ்ச அம்மாவும் உழைச்சாங்கதானே? அவங்களுக்கு ஏன் இல்ல?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவங்க வேலைக்கு ஒரு கணக்கு இல்லையேப்பா” என்றார். அவர் சொன்னது மெய். கணக்கு இல்லை. ஆனால் எந்த வேலைக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்?

அமெரிக்காவின் 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு நேரடி விடை இருக்கிறது. முதியோர் காப்பீட்டுக்குள் விவசாயக் கூலிகளும் வீட்டுப் பணியாளர்களும் சேர்க்கப்படவில்லை. கறுப்பின உழைப்பாளர்களில் பெரும்பான்மையோர் செய்தது அந்த வேலைகளைத்தான். 1950-களில் சட்டம் திருத்தப்பட்டுத்தான் அவர்கள் படிப்படியாக உள்ளே வந்தார்கள். ஒருவருக்கு வருவது ‘உரிமை’, இன்னொருவருக்கு வருவது ‘உதவி’ என்ற பிரிவு இயற்கையில் இல்லை. சட்டம் எழுதிய மேசையில் போடப்பட்ட கோடு அது. அந்தக் கோட்டுக்கு உள்ளே பிறந்தவர்களுக்கு அது இருப்பதே தெரிவதில்லை.

சூசன் மெட்லர் என்ற அரசியல் அறிஞர் 2008-ஆம் ஆண்டின் ஒரு கணிப்பிலிருந்து எடுத்துக்காட்டிய எண்கள் இதைத் துல்லியமாகச் சொல்கின்றன. “அரசின் சமூகத் திட்டம் எதையாவது பயன்படுத்தியதுண்டா?” என்ற கேள்விக்கு ‘இல்லவே இல்லை’ என்றவர்களிடம், பிறகு ஒவ்வொரு திட்டமாகப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை பெற்றவர்களில் 60 சதவீதத்தினர் முன்பு ‘இல்லை’ என்றிருந்தார்கள். அரசின் முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களிலேயே 44 சதவீதம். உணவு உதவி பெற்றவர்களில் 25 சதவீதம்தான். வசதி கூடக் கூட, வாங்குவது வாங்குவதாகத் தெரியாமல் போகிறது. இவர்கள் பொய் சொல்லவில்லை. வரியில் கழித்துக்கொள்ளும் பணத்துக்கு வரிசை கிடையாது. அதிகாரி வந்து வீட்டை எட்டிப்பார்ப்பதும் கிடையாது. சலுகை பெற்றவருக்கு அது தன் பணமாகவே தெரிகிறது.

‘என் வரிப்பணம்’ என்ற வாதத்தையும் இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். பொருளுக்கும் சேவைக்கும் மேலே ஏறும் மறைமுக வரியை எல்லோரும் கட்டுகிறார்கள். வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீர வேண்டிய ஏழை, தன் வருமானத்தில் அதிக விகிதத்தை அதில் இழக்கிறார். அவருக்கு ரசீதில் பெயர் இல்லை என்பதால் அவர் வரி கட்டாதவர் ஆகிவிடுகிறார்.

சந்தேகத்தை மட்டுமே அடிப்படையாக வைத்து ஓர் அரசு நலத்திட்டம் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சமீப காலத்தில் இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று அழைக்கப்பட்ட திட்டம், உதவி பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை இரு வாரக் கணக்காகச் சமமாகப் பிரித்து, அவர்களே தெரிவித்த வருமானத்தோடு அது ஒத்துவராதபோதெல்லாம் கடன் நோட்டீஸ் அனுப்பியது. சில மாதங்கள் வேலை கிடைத்து, சில மாதங்கள் கிடைக்காமல் இருந்தவருக்கு இந்தச் சராசரி பொருந்தவே பொருந்தாது. தவறில்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மீது சட்டத்துக்குப் புறம்பாகக் கடன் சுமத்தப்பட்டது. 2023-இல் அறிக்கை தந்த அரச ஆணையம் அதைக் கொடூரமானது என்றே எழுதியது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி பெற்ற பல்லாயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு, பெற்றதை எல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டார்கள். குடியுரிமை பற்றிய தகவலை வரித்துறை பயன்படுத்திய விதம் பாகுபாடானது என்று அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையமே 2020-இல் கண்டது. 2021 ஜனவரியில் அன்றைய பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை இதனால் பதவி விலகியது.

இரண்டு நாடுகளிலும் அரசியல்வாதிகள் மக்கள் கருத்துக்கு இசைந்தே நடந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ‘ஏமாற்றுபவர்களைப் பிடியுங்கள்’ என்பது எங்கும் கைதட்டல் வாங்கும் கோரிக்கை. பொதுக்கருத்தை அரசு அப்படியே பின்பற்ற வேண்டும் என்பவர்கள் இந்தக் குடும்பங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேலும், கருத்து முதலில் வந்து திட்டம் பிறகு வருவதாக நினைப்பது பாதி உண்மைதான். திட்டமே கருத்தை உருவாக்குகிறது. அமெரிக்க முதியவர்களில் 1959-இல் 35 சதவீதத்தினர் வறுமையில் இருந்தார்கள். பின்னர் அது 10 சதவீத அளவுக்கு இறங்கியதில் ஓய்வூதியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அதைத் தொட எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. ஏனென்றால் அது எல்லோருக்கும் வருவது. 1998-இல் வால்டர் கோர்ப்பியும் யோக்கிம் பால்மேயும் இதைப் பொதுமைப்படுத்தி, ஏழைகளுக்கு மட்டும் என்று குறுக்கக் குறுக்க, ஏழைகளுக்குச் சேர்வதே குறைந்துபோகிறது என்றார்கள். நடுத்தரத்தாருக்கு அதில் பங்கில்லை என்றானதும் ஆதரவும் பணமும் வற்றிவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். பிற்காலத் தரவுகளில் அந்தத் தொடர்பு வலுவிழந்திருப்பதைப் பிறர் காட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் கொடுக்கச் செலவு அதிகம் என்பதும் உண்மை. ஆனாலும் மருத்துவம், பள்ளி, முதுமை ஆகியவற்றிலாவது வடிகட்டாமல் கொடுப்பதன் பக்கமே நான் நிற்கிறேன். வடிகட்டும் இடத்தில்தான் தகுதி பார்க்கும் கண் வந்து உட்காருகிறது. அந்தக் கண் யாரை முதலில் சந்தேகிக்கும் என்பதைப் பெயர் மாற்றிய விண்ணப்பங்கள் காட்டிவிட்டன.

அரசுகள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் புதிதாகப் பணமும் வேண்டாம். வரிச்சலுகைகளால் கைவிடும் தொகையை ஆண்டுதோறும் பட்டியலிடும் கடமை அமெரிக்காவில் 1974 முதல் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவின் பட்ஜெட் ஆவணங்களிலும் 2006-07 முதல் அப்படி ஓர் அறிக்கை வருகிறது. ஆனால் அது ஆவணத்தின் பின்னிணைப்பில் கிடக்கிறது. தன் பங்கு எவ்வளவு என்று எந்தக் குடும்பத்துக்கும் தெரியாது. வரிக் கணக்கு முடிந்து ஒவ்வொருவருக்கும் வரும் சீட்டில், இந்த ஆண்டு அரசு உங்களுக்காக விட்டுக்கொடுத்த தொகை இவ்வளவு என்று ஒரு வரி சேர்த்து அச்சிடட்டும். உதவித்தொகை பெறுபவரின் பெயரை எழுதும் அதே மையில் எழுதட்டும். அடுத்த கருத்துக்கணிப்பை அதற்குப் பிறகு எடுக்கலாம்.